புலியும் புளியும்: வீட்டுப் பதிவறைக்கு ஒலிபெருக்கி தேடிய கதை



2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து பள்ளிக் கதவுகள் மூடப்பட்டபோது, நம் ஆசிரியர்களில் பலர் ஓரிரு வாரங்களில் ஒலிப்பதிவாளர்களாகிப் போனோம். திறன்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பாடம் நடத்தியவர்கள் நாம்! பள்ளிகள் திறந்த பின்னர் பலரும் அதனைக் கைவிட்டனர், சிலர் தொடர்ந்தோம். கேட்டல், பேச்சுத் திறனுக்கான பதிவுகள், செய்யுள் மனனத்திற்கான பதிவுகள், படுக்கைநேரக் கதைகள் என என் கணினியிலும் கோப்புகள் சேர்ந்துகொண்டே வருகின்றன.

இதுபற்றி என்னிடம் வினவும் ஆசிரிய நண்பர்கள் அனைவரும் முதலில் கேட்பது ஒலிவாங்கியைப் பற்றித்தான். "எந்த மைக் வாங்கலாம், சார்?" என்பதே கேள்வி. பதிவு செய்ததை எதில் கேட்டுச் சரிபார்க்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், மடிக்கணினியில், திறன்பேசியில், காரில் என்று விடை வரும். மாணவரின் கட்டுரையை மங்கலான விளக்கொளியில் திருத்துவதற்கு இஃது ஒப்பாகும். எழுத்துப் பிழை கண்ணில் படாது. படாததால் இல்லை என்றாகிவிடுமா? ஆகவே, அண்மையில் நான் தேடி வாங்கிய 'ஸ்டூடியோ மானிட்டர்' எனப்படும் ஒலிபெருக்கிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதலாம் என எண்ணுகிறேன்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். மானிட்டர் என்றதும் நமக்குக் கணினித் திரை நினைவுக்கு வரும். அதற்கும் முன்னர் வகுப்புத் தலைவன் நினைவுக்கு வருவான். ஆசிரியர் இல்லாத வேளையில் யார் பேசினார்கள், யார் எழுந்து ஓடினார்கள் என்பதைத் தோழமை பாராமல் எழுதி வைத்துக் கொடுப்பவன் அல்லவா அவன்? இவ்வொலிபெருக்கியின் பணியும் அதுவே. வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென விற்கப்படும் ஒலிபெருக்கிகளிற் பல, ஒலியை இனிமையாக்கித் தருவதற்காகவே அமைக்கப்படுகின்றன. அடித்தொனியைச் சற்று உயர்த்தி, மேல்தொனியிலும் ஒரு மினுக்குச் சேர்த்து, இடையில் உள்ளதைக் கொஞ்சம் அமுக்கி வைப்பார்கள். திரைப்பாடல் கேட்க அது சுகந்தான். ஆனால், மனிதப் பேச்சின் உயிர்நாடி அந்த இடைப்பகுதியில்தான் இருக்கிறது. மானிட்டரோ உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் காட்ட முயல்கிறது. (முயல்கிறது என்றுதான் எழுதுகிறேன், முற்றிலும் நடுநிலையான ஒலிபெருக்கி என ஒன்றை இதுவரை எவரும் செய்ததில்லை.)

தமிழாசிரியருக்கு இது ஏன் தனிப்பட்ட அக்கறைக்குரியது என்பதற்கு வருகிறேன்.

லகர, ளகர, ழகரங்களை வேறுபடுத்திக் காட்டுவது எது? நாவின் நிலை என்போம். தொல்காப்பியப் பிறப்பியல் லகர ளகரங்களை ஓர் இணையாகவும், ரகர ழகரங்களை மற்றோர் இணையாகவும் வைத்துப் பிறப்பிடம் கூறுவதைப் பயிற்சிக் கழகத்தில் நாமெல்லாம் படித்திருக்கிறோம். வாயினுள் நிகழும் அந்நா அசைவு, காற்றில் எவ்வாறு தெரிகிறது? குரலின் ஒலியில் சில அதிர்வெண் பகுதிகள் செறிவுற்று நிற்கும். நா வளைந்து மேலெழும்போது அச்செறிவுகளுள் மூன்றாவது கீழிறங்குகிறது. லகரத்தில் அது உயரத்தில் நிற்கும். ழகரத்தில் நன்றாகத் தாழ்ந்து இரண்டாம் செறிவை நெருங்கிவிடும். இவ்விளையாட்டு முழுவதும் பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்சு வரையிலான பகுதிக்குள் நடந்து முடிகிறது. புலியையும் புளியையும், வலியையும் வழியையும் பிரிக்கும் வேலி அங்கேதான் உள்ளது.

இப்பொழுது ஒலிபெருக்கியின் முகத்தைப் பாருங்கள். சிறிய மானிட்டர்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு உறுப்புகள் இருக்கும். கீழே ஐந்தங்குல அளவில் வூஃபர், மேலே ஓரங்குல அளவில் டுவீட்டர். தாழ்ந்த ஒலிகளைப் பெரியதும் உயர்ந்த ஒலிகளைச் சிறியதும் பங்கிட்டுக் கொள்கின்றன. அப்பங்கீடு நடக்கும் எல்லையைக் கிராஸ்ஓவர் என்பர். யமஹா எச்எஸ்5-இல் அவ்வெல்லை 2000 ஹெர்ட்சு. ஜேபிஎல் 305பி மார்க் 2-இல் 1725 ஹெர்ட்சு. கவனித்தீர்களா? நம் ழகரம் நடமாடும் தெருவின் நடுவே எல்லைக்கோடு! ஒரே எழுத்தின் ஒலியைப் பாதி இதுவும் பாதி அதுவும் சுமந்து வருகின்றன. இரண்டும் ஒத்திசைந்து கைமாற்றினால் குறையேதும் தெரியாது. இசையாவிட்டால் அவ்விடத்தில் ஒரு பள்ளம் விழும். பறையும் வயலினும் அப்பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். 'வழி' என்ற சொல் அதில் விழுந்து 'வளி'யாக எழும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், கேட்டல் பயிற்சிக்கான ஒலிவட்டு ஒன்று எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. தயாரித்தவர் யார் என்பது இங்கு வேண்டா. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அதனை ஒலிக்கவிட்டுச் சொல்வதெழுதுதல் நடத்தினோம். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் 'வழி'யை 'வளி' என்றும், 'பள்ளி'யைப் 'பல்லி' என்றும் எழுதியிருந்தனர். பயிற்சி ஏட்டைப் பார்த்த ஒரு தந்தையார், லாரி ஓட்டுநர், மறுநாள் பள்ளி முடியும் வேளையில் என்னைத் தேடி வந்தார். மகனின் தோளில் கைவைத்தபடி, "சார், காதுல விழுந்தத அப்படியே எழுதுனேன்னு சொல்றான். அடிச்சும் கேட்டுட்டேன். பொய் சொல்ற புள்ள இல்ல சார்" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றிரவு அவ்வொலிவட்டை ஹெட்போனில் இருமுறை கேட்டேன். எதிரொலி மிகுந்த அறையில் பதிவு செய்யப்பட்ட குரல். அதன் அடியில் ஓயாத வீணை இசை. அதற்கும் அடியில் ஏற்றிவிடப்பட்ட அடித்தொனி. வாசித்தவரின் உச்சரிப்பில் குறையில்லை. கூர்ந்து கேட்டால் ழகரம் இருந்தது. வகுப்பறையில், ஓடும் மின்விசிறிகளுக்கிடையே, பின்வரிசையில் அமர்ந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போய்ச் சேர வழியில்லை. மறுநாள் அதே சொற்களை நானே வாசித்தேன். அப்பையனுக்கு ஒரு சொல் மட்டுமே தவறிற்று. பயிற்சி மதிப்பெண்கள் பதியப்படாதிருந்ததால், பழைய தாள்களை ஒதுக்கிவிட்டோம். அவ்வொலிவட்டை முடித்துக் கொடுத்தவர்கள் எந்த ஒலிபெருக்கியில் கேட்டு 'நன்று' என்றார்களோ, நானறியேன். ஆனால் அந்தப் பையன் வீட்டில் வாங்கிய அடி, யாரோ ஒருவரின் காதில் இனிமையாக விழுந்த ஓர் இரவின் விளைவு என்ற எண்ணம் இன்றும் என்னைவிட்டு நீங்கவில்லை.

ஒலிபரப்பு உலகம் இச்சிக்கலைப் பல்லாண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டது. வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்தில் வைப்பதற்கென்றே, 1970-களில் பிபிசி பொறியாளர்கள் எல்எஸ்3/5ஏ என்ற சிறிய பெட்டியை வடிவமைத்தனர். உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான். அடித்தொனியை அதில் எதிர்பார்க்கவியலாது; மனிதக் குரலை உள்ளவாறே காட்டுவதில் அது பெயர் பெற்றது. இன்னொன்று ஆரடோன் 5சி. ஒரேயொரு சிறு உறுப்பு மட்டுமே கொண்ட கனசதுரப் பெட்டி. கிராஸ்ஓவர் என்பதே அதில் இல்லை. மக்கள் வீட்டு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடல் எப்படிக் கேட்கும் என்று பார்ப்பதற்காகப் பெரும் பதிவுக்கூடங்களும் அதனை வைத்திருந்தன. வெள்ளைக் கூம்புடன் படங்களில் காணப்படும் யமஹா என்எஸ்-10 மூன்றாவது. 1978-இல் வீட்டு ஒலிபெருக்கியாக வெளிவந்து, பின்னர் பதிவுக்கூடங்களில் இடம்பிடித்தது. கூம்பு செய்வதற்கான மரக்கூழ் கிடைக்காமற்போனதால் 2001-இல் அதன் உற்பத்தி நின்றது. அதன் ஒலியை இனிமை என்று எவரும் புகழ்ந்ததில்லை. இடைப்பகுதியைத் துருத்திக் காட்டுவதால், அங்குள்ள குறைகள் உடனே அகப்பட்டுவிடும் என்பதே அதன் சிறப்பு.

சரி, கடைக்குப் போவோம்.

கோலாலம்பூரிலுள்ள கடையொன்றுக்கு ஒரு சனிக்கிழமை சென்றேன். விற்பனையாளர் இளைஞர், அன்பாகத்தான் வரவேற்றார். எடுத்த எடுப்பில் முழக்கமான ஆங்கிலப் பாடலொன்றை ஓடவிட்டு, "பாஸ் எப்படி?" என்றார். பாஸ் மேசையை அதிர வைத்தது. நான் கொண்டுபோன விரலியை அவரிடம் கொடுத்தேன். அதில் இசை ஏதும் இல்லை. புலி, புளி, பல்லி, பள்ளி, ஒலி, ஒளி, ஒழி, வலி, வளி, வழி, மனம், மணம், கரை, கறை எனச் சொற்கள் மட்டுமே. ஒருமுறை என் குரலில், ஒருமுறை எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவரின் குரலில், ஒருமுறை என் இளைய மகளின் குரலில். இசை, எதிரொலி, ஒப்பனை எதுவுமில்லை. இளைஞர் என்னைச் சற்று வியப்பாகப் பார்த்தார். ஐந்தாம் நிமிடத்தில் அவரே, "இதுல தெரியுது சார், அதுல தெரியல" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். தமிழ்ப்பள்ளியில் படித்தவராம்!

வாங்கச் செல்வோர் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஒப்பிடும் ஒலிபெருக்கிகள் யாவும் ஒரே உரப்பில் ஒலிக்க வேண்டும். மனிதச் செவி, சற்றே உரக்க ஒலிப்பதைச் சிறந்தது என்று தீர்ப்பளித்துவிடும் இயல்புடையது. மேலும், ஒலி தாழ்ந்திருக்கையில் அடித்தொனி நம் செவிக்குக் குறைவாகவே எட்டும். உரப்பு ஏற ஏற அது நிரம்பி வரும். 1933-இலேயே ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் இதனை அளந்து வெளியிட்டனர். கடையில் உரக்க ஒலிக்கவிட்டு மயங்கி வாங்கியது, வீட்டில் பிள்ளைகள் உறங்கும் வேளையில் மெலிந்து போவதன் காரணம் இதுவே. திறன்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலியளவு செயலியை அமரும் இடத்தில் வைத்து, ஒவ்வொரு பெட்டியையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்த பிறகே கேட்டேன். அச்செயலிகள் துல்லியமானவை என்று சொல்வதற்கில்லை, ஒப்பீட்டுக்குப் போதும்.

நான்கு இணைகளைக் கேட்டேன். மிக அழகாக இருந்த ஒன்றில் ளகரமும் ழகரமும் அண்ணன் தம்பிபோல் ஒலித்தன. பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்கள் செவிக்கும் அறைக்கும் அது வேறுவிதமாக அமையலாம். இறுதியில் யமஹா எச்எஸ்5 இணையொன்றை வாங்கினேன். மூவர் குரலிலும் 'வழி' வழியாகவே வந்தது என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை. எட்டங்குலத்திற்குப் போகலாமா என இளைஞர் கேட்டார். ஆணின் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வெண் பொதுவாக 85 முதல் 180 ஹெர்ட்சுக்குள் அமையும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதனினும் உயர்ந்தது. ஐந்தங்குலப் பெட்டிக்கு அது எளிய வேலை. சிறிய அறைக்குள் எட்டங்குலத்தைக் கொண்டுபோய் வைத்தால், சுவர்கள்தாம் அதிகம் பேசும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். விலைப்பட்டியலில் காணும் தொகை பலவேளைகளில் ஒற்றைப் பெட்டிக்குரியது. இணை என்று எண்ணி மகிழ்ந்துவிடாதீர்கள்! இத்தகையவற்றுள் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பதால் அதனைத் தனியே வாங்க வேண்டியதில்லை. கணினிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஆடியோ இண்டர்ஃபேஸ் என்ற சிறு கருவியும், இரைச்சலைத் தவிர்க்கும் மூவிணைப்புக் கம்பிகளும் தேவைப்படும். ஒலிவாங்கி வைத்திருப்போரிடம் இண்டர்ஃபேஸ் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். எல்லாம் சேர்ந்து ஆயிரம் வெள்ளியை எளிதில் தாண்டிவிடும். வீட்டுத் தலைவியிடம் இதனை எப்படி எடுத்துரைப்பது என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். அத்தொகை இல்லாதோர் நல்ல ஹெட்போன் ஒன்றோடு நிறைவடையலாம், அதில் தவறில்லை. வெட்டி ஒட்டும் வேலைக்கும், மூச்சொலி, நாக்குச் சொடுக்கு போன்றவற்றைப் பிடிப்பதற்கும் நான் இன்றும் ஹெட்போனையே நாடுகிறேன். ஆனால், ஹெட்போனில் குரல் தலைக்குள்ளே ஒலிக்கிறது. பிள்ளையோ அறைக்குள் கேட்கிறான்.

இனி அறை. உண்மையில், பெட்டிக்குச் செலவிட்ட காலத்தைவிட அறைக்குச் செலவிட்டதே மிகுதி. நம் தாமான்களிலுள்ள தொடர்வீடுகளின் சிறிய அறைகள் ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் கொண்டவை. கூரையும் அதையொட்டிய உயரமே. ஒலிக்கு இதைவிடக் கெட்ட வடிவம் அரிது! ஒலி நம் வெப்பநிலையில் நொடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் செல்லும். எதிரெதிர்ச் சுவர்கள் மூன்று மீட்டர் இடைவெளியில் நிற்குமானால், 58 ஹெர்ட்சிலும் அதன் இருமடங்கான 115 ஹெர்ட்சிலும் ஒலி அங்குமிங்கும் மோதித் தேங்கி நிற்கும். மூன்று திசைகளும் ஒரே அளவாக இருந்தால் மூன்று தேக்கமும் ஒரே இடத்தில் குவியும். 115 என்பது பல ஆண்களின் பேச்சுக்குரல் அமையும் இடம். அவ்வறையில் அமர்ந்து கேட்பவர் தம் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதாக எண்ணி, பதிவில் அடித்தொனியை வெட்டிவிடுவார். பிள்ளையின் வீட்டில் அதே குரல் தகரம்போல் கேட்கும்.

ஆகவே மேசையை அறையின் நட்டநடுவிலும் வைக்கவில்லை, மூலையிலும் வைக்கவில்லை. செவி, முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்குத் தொலைவில் இருக்குமாறு நாற்காலியை நகர்த்தினேன். இரு பெட்டிகளும் என் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகள். பக்கத்திற்கு ஒரு மீட்டர். பின்சுவரில் நூல் நிறைந்த அலமாரி. பக்கச் சுவரில் கனத்த திரைச்சீலை. மூலையில் விருந்தினருக்கான மெத்தையைச் சுருட்டி நிற்க வைத்திருக்கிறேன். அழகில்லை, ஆனால் வேலை செய்கிறது. முட்டை அட்டைகளை ஒட்டலாமா என்று கேட்போருக்கு: வேண்டா. அவை அடித்தொனியை ஒன்றும் செய்வதில்லை, தீப்பற்றும், கரப்பான் பூச்சி குடியேறும். சுவரை ஒட்டி வைத்தால் பெட்டியின் அடித்தொனி பெருகும். அதற்காகவே இப்பெட்டியின் பின்புறத்தில் அடித்தொனியை 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும் விசை உள்ளது. நான் இரண்டில் வைத்திருக்கிறேன்.

டுவீட்டர் செவியின் உயரத்தில் இருக்கட்டும். இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலும் கீழுமாக அமைந்த இரு உறுப்புகளிலிருந்து வரும் ஒலி, செவியை ஒரே நேரத்தில் வந்தடைய வேண்டும். நாம் மிக உயரத்திலோ தாழ்விலோ அமர்ந்தால், கிராஸ்ஓவர் எல்லையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதாவது, மேலே சொன்ன அதே 2000 ஹெர்ட்சை ஒட்டி. என் அறையில் நின்றுகொண்டு கேட்டால் 'புளி' ஐயத்துக்குரியதாகிறது, அமர்ந்தால் தெளிகிறது. பழைய பாடநூல்களைப் பெட்டிகளுக்கு அடியில் அடுக்கிச் சரியான உயரத்திற்குக் கொண்டுவந்தேன். பாடத்திட்டம் மாறியபின் அவற்றுக்கு இப்படியும் ஒரு பயன்!

இத்தனைக்குப் பின்னரும், மானிட்டரில் நன்றாகக் கேட்டதை அப்படியே அனுப்பிவிடுவதில்லை. பிள்ளைகள் கேட்கப் போவது அம்மாவின் திறன்பேசியில் அல்லது வகுப்பறைத் தொலைக்காட்சியில். அவற்றின் சிறு ஒலிபெருக்கிகளில் அடித்தொனி அறவே வராது. எஞ்சி நிற்பது இடைப்பகுதி மட்டுமே. அதனால், முடித்த பதிவைப் பழைய திறன்பேசியொன்றில், சமையலறையில், தாளிக்கும் ஓசைக்கிடையே ஒருமுறை கேட்பேன். அங்கும் 'வழி' வழியாக இருந்தால் அனுப்புவேன். புலனத்தில் அனுப்புகையில் குரல்செய்தியாகப் பதியாமல், கோப்பினை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஒலி மேலும் சுருக்கப்படாமல் போய்ச் சேரும்.

பெற்றோருக்கும் ஒன்று கூற விரும்புகிறேன். கேட்டல் பயிற்சியில் பிள்ளை தவறாக எழுதி வந்தால், அதே சொற்களை நீங்களே அருகில் அமர்ந்து, முகம் பார்த்து வாசித்துக் காட்டுங்கள். நேரில் சரியாக எழுதி, பதிவில் மட்டும் தவறினால், ஏட்டோடு ஆசிரியரிடம் வாருங்கள். நாங்கள் அப்பதிவைத் திரும்பக் கேட்டுப் பார்ப்போம். நேரிலும் தொடர்ந்து தடுமாறினால், செவித்திறனைச் சோதிக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டா.

எங்கள் மூத்த ஆசிரியை வரும் ஆண்டில் ஓய்வு பெறுகிறார். வானொலி ஆறு என்று வழங்கிய நாள்களில் தமிழ் அறிவிப்பாளர்களைக் கேட்டுக் கேட்டே தம் ழகரத்தைத் திருத்திக்கொண்டதாகச் சொல்வார். பள்ளி விடுமுறையில் அவரை வீட்டுக்கு அழைத்து, மூன்று எழுத்துகளுக்குமான சொற்பட்டியலை முழுமையாகப் பதிவு செய்யவிருக்கிறோம். இருநூறு சொற்களுக்குக் குறையாமல் வரும். மழைக்காலமாதலால் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும். பிற்பகல் மழை எங்கள் கூரையில் விழுந்தால் பிறகு எந்த மானிட்டராலும் பயனில்லை.

கடைசியாக ஒன்று: கணினியையும் இண்டர்ஃபேசையும் ஏவிய பின்னரே ஒலிபெருக்கியை ஏவுங்கள். அணைக்கும்போது ஒலிபெருக்கியை முதலில் அணையுங்கள். இல்லாவிடில் 'டொப்' என்ற அதிர்ச்சி ஒலி டுவீட்டரைத் தாக்கும். ஒலிவாங்கி திறந்திருக்கையில் ஒலிபெருக்கியை ஒலிக்கவிடாதீர்கள். இவ்விரண்டையும் என் மகள் வண்ணத்தாளில் எழுதி இடப்பக்கப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள். 'ஒலி'க்கு அவள் இட்டிருக்கும் லகரம் சரியாகவே இருக்கிறது.